கல்கத்தா கரன்சி பில்டிங்கும் நம் வீட்டுச் சுவரும்

சென்ற மழைக்காலத்தில் ஃபீனிக்ஸ் பேயில் நண்பர் ஒருவர் தம் பாட்டனார் காலத்துச் செங்கல் வீட்டுக்குச் சிமெண்ட் பூச ஆள் பேசிவிட்டு, என்னிடம் யோசனை கேட்டார். "கொஞ்சம் பொறுங்கள்" என்றேன். வாய்ப்பேச்சில் அவருக்குத் திருப்தி ஏற்படவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

ஹாடோ துறையில் கப்பலேறிக் கல்கத்தா போய்வரும் நம்மவர்களில் பலர் டல்ஹௌசி சதுக்கத்தைப் பார்த்திருப்பார்கள். அங்கே மூன்று தளங்களுடன் கரன்சி பில்டிங் நிற்கிறது. 1833இல் கட்டப்பட்டது, ஆக்ரா வங்கியின் கல்கத்தா கிளை அதில் இயங்கியது. 1866 நிதி நெருக்கடியில் அவ்வங்கி நிலைகுலைந்தது. 1868இல் அரசின் கரன்சி அலுவலகம் அங்கே வந்தது. ரிசர்வ் வங்கியின் முதல் தலைமையகமும் 1935 முதல் 1937 வரை அங்கேதான். இவ்வளவு பணம் புழங்கிய கட்டடம் கடைசியில் மத்தியப் பொதுப்பணித் துறையின் கிடங்காயிற்று. 1996இல் இடிக்கவும் தொடங்கினார்கள். இன்டாக் அமைப்பும் மாநகராட்சியும் தலையிட்ட பிறகே கடப்பாரை நின்றது.

1998 கடைசியில் ரயில்வே வேலையாக ஃபேர்லி பிளேஸ் சென்றவன், அதன் வாசல் இரும்புக் கதவு வழியே எட்டிப் பார்த்தேன். நடுக்கூடத்தின் குவிமாடங்கள் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

அதன் கூரை இரும்பு விட்டங்களுக்கு இடையே சிறு சிறு செங்கல் வளைவுகள் கட்டிய வகை. ரயில்வேயில் ஜாக் ஆர்ச் என்போம். ஒவ்வொரு வளைவும் பக்கவாட்டில் தள்ளும். அடுத்த வளைவு எதிர்த்துத் தள்ளும். வரிசையில் தோள் கொடுத்து நிற்பவர்களைப் போல. ஒன்றை இடித்தால் பக்கத்து வளைவுக்குத் துணை போயிற்று. பாதி இடித்த கட்டடத்தைக் காப்பாற்றுவது புதிதாகக் கட்டுவதை விடக் கடினம் என்பது இதனால்தான். 2003இல் தொல்லியல் துறையிடம் வந்த கட்டடத்தில் 2005இல் தொடங்கிய சீரமைப்பு 2019 வரை நீண்டது. 2020 ஜனவரியில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

இனிச் சுவருக்கு வருவோம். அக்காலச் செங்கல்லைப் பிடித்திருப்பது சுண்ணாம்புக் காரை. அது செங்கல்லை விட மென்மையானது. சுவருக்குள் ஏறும் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அப்படியன்று. ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். வெளியேற வழியில்லாத ஈரம் செங்கல் வழியே காயும்போது, அதிலுள்ள உப்பு படிகமாகிச் செங்கல்லையே பொரியச் செய்யும். நம் தீவுக் கடற்காற்றில் உப்புக்குக் குறைவா?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இத்தவற்றைச் செய்தேன். ஒரு பழைய சரக்குக் கொட்டகையின் காரை உதிர்கிறது என்று இணைப்புகளுக்கெல்லாம் சிமெண்ட் அடைக்கச் சொன்னேன். மூன்று மழைக்காலம் கழிந்தது. சிமெண்ட் தேன்கூட்டுச் சட்டம் போல நின்றது. நடுவிலிருந்த செங்கல் பொடியாகிப் போயிருந்தது. மேலதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

உங்கள் வீட்டுச் சுவர் எது என்று அறிய எளிய வழியுண்டு. பூச்சு இல்லாத மூலையில் இணைப்பைச் சாவியால் கீறிப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்பு. அதற்குச் சுண்ணாம்புப் பூச்சே போடுங்கள். ஆறப் பொறுமை வேண்டும், கொத்தனாரும் கிடைப்பது அரிது. அதற்கு முன் ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்து, கூரைத் தண்ணீர் சுவரடியில் தேங்காமல் வாய்க்கால் வெட்டுங்கள்.

நண்பர் சாவியால் கீறினார். வெள்ளைப் பொடிதான் உதிர்ந்தது. பேசிய ஆளுக்குக் கொடுத்த முன்பணம் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.