பரம்பரை என்று கைகழுவாதீர்கள்

"எங்க குடும்பத்துல எல்லாருக்கும் ஹார்ட் அட்டாக்தான். ரத்தத்துலயே ஊறினது. நடந்தாலும் சரி, மாத்திரை போட்டாலும் சரி, வர்றது வந்தே தீரும்." துக்க வீட்டுப் பந்தலிலும் மருந்துக்கடை வாசலிலும் இந்தப் பேச்சு ஓயாமல் கேட்கிறது, படித்தவர்கள் வாயிலிருந்து கொஞ்சம் கூடுதலாகவே கேட்கிறது. பழைய தலையெழுத்துக்கு மரபணு என்று புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மாரடைப்பைப் பற்றி உலவும் தவறான நம்பிக்கைகளில் உயிரைக் குடிப்பது இதுதான். இதை நம்புகிறவர் சிகரெட்டையும் விடமாட்டார், ரத்தப் பரிசோதனைக்கும் போகமாட்டார். போய் என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் முன்பே வந்துவிடுகிறது.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஸ்வீடனில் சுமார் 21,000 இரட்டையர்களை 26 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1994-இல் முடிவு வெளியிட்டார்கள். ஒரே கருவில் உருவான ஆண் இரட்டையரில் ஒருவர் 55 வயதுக்குள் இதய நோயால் இறந்திருந்தால், மற்றவர் அதே நோயால் இறக்கும் அபாயம் எட்டு மடங்காக இருந்தது. தனித்தனிக் கருவில் உருவான இரட்டையரிடம் அது ஏறக்குறைய நான்கு மடங்கு. இரு வகையினரும் பெரும்பாலும் ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டில் வளர்ந்தவர்கள். ஆகவே இடைவெளியில் பெரும்பங்கு மரபணுவுடையது. ஆனால் அதே ஆய்வு சொன்ன இன்னொன்றை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. முதலாமவர் இறந்த வயது ஏற ஏற, மற்றவரின் அபாயம் குறைந்துகொண்டே வந்தது. தாத்தா 78 வயதில் மாரடைப்பில் போனதை வைத்துக்கொண்டு பேரன் பரம்பரை பேசுவதில் பொருளே இல்லை. அப்பா அல்லது அண்ணன் தம்பிக்கு 55 வயதுக்குள், அம்மா அல்லது அக்கா தங்கைக்கு 65 வயதுக்குள் வந்திருந்தால்தான் மருத்துவர்கள் அதைக் கணக்கில் எடுக்கிறார்கள்.

அந்த மரபணுவும் ஒன்றல்ல. 2007-இல் ஒன்பதாவது குரோமோசோமில் மாரடைப்போடு தொடர்புள்ள ஒரு பகுதி பிடிபட்டது. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அந்த அபாய வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றிருக்கிறார்கள். அது தலையெழுத்தாக இருந்தால் ஐந்தில் ஒருவர் நடுவயதில் விழுந்திருக்க வேண்டுமே? அப்படி நடக்கவில்லை. அவர்களுக்கு அபாயம் கூடுகிறது. ஆய்வுக்கு ஆய்வு 30 முதல் 60 சதவீதம் வரை. நூற்றில் பத்துப் பேருக்கு வரக்கூடிய இடத்தில் பதின்மூன்று முதல் பதினாறு பேருக்கு வரும் என்று அர்த்தம். மீதி எண்பத்து நான்கு பேரை இந்தப் பேச்சு மறந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட சிறு மாற்றங்கள் ஐம்பது வரை சேர்த்துக் கணக்குப் போட்ட ஆய்வு 2016-இல் வந்தது. 55,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரம் அதில் உண்டு. மரபணு அபாயம் மிக அதிகமாக இருந்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தார்கள். புகைக்காமை, உடல்பருமன் இல்லாமை, முறையான உடற்பயிற்சி, நல்ல உணவு ஆகிய நான்கில் குறைந்தது மூன்று இருந்தவர்களுக்கு, ஒன்று மட்டுமே இருந்தவர்கள் அல்லது எதுவுமே இல்லாதவர்களைவிட அபாயம் ஏறத்தாழ பாதியாக இருந்தது. ஆய்வில் சேர்ந்த ஒரு அமெரிக்கக் குழுவில், பத்தாண்டுகளில் இதய நோய் தாக்கியவர்கள் பின்னவர்களில் 10.7 சதவீதம், முன்னவர்களில் 5.1 சதவீதம்தான். "என்ன செய்தாலும் வரும்" என்பவர்கள் இந்த இரண்டு எண்களை ஒருமுறை நிதானமாகப் பார்க்கட்டும்.

சின்னச் சின்ன மாற்றங்களுக்கு அது சரி, குடும்பத்தையே வாரிக்கொண்டு போகும் பலமான மரபணுவுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்கலாம். அங்கேதான் இந்த நம்பிக்கை முழுதாக உடைகிறது. கெட்ட கொழுப்பான எல்.டி.எல் துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த விஞ்ஞானிகள் பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏற்பிக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானால் ஏற்பிகளில் பாதிதான் வேலை செய்யும். பிறந்த நாளிலிருந்தே ரத்தத்தில் கெட்ட கொழுப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக ஓடும். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இந்தக் குடும்பவழி உயர் கொலஸ்ட்ரால் இருக்கிறது. சிலருக்குக் குதிகாலுக்கு மேலுள்ள தசைநார் தடித்து, விரலால் தடவினாலே கெட்டியாகத் தட்டுப்படும். கைவிரல் முட்டிகளில் கட்டிபோல் எழும்பியிருக்கும். நாற்பது வயதிலேயே கருவிழியைச் சுற்றி வெளுத்த வளையம் தெரியும். கவனிக்காமல் விட்டால் ஆண்களில் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதய நோய் வந்துவிடும்.

நெதர்லாந்தில் இந்தப் பழுது உள்ள 214 பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை தொடங்கி, இருபது ஆண்டுகள் கழித்து 2019-இல் கணக்குப் பார்த்தார்கள். 39 வயதுக்குள் மாரடைப்பு போன்ற பாதிப்பு வந்தவர்கள் 1 சதவீதம். அதே பழுதைச் சுமந்த அவர்களுடைய பெற்றோரில், அதே வயதுக்குள், 26 சதவீதம். குடும்பமும் ஒன்று, மரபணுவும் ஒன்று. பெற்றோர் தலைமுறை அதிகம் புகைத்திருக்குமே என்றால், இருக்கட்டும். அதுவும் மாற்றக்கூடிய ஒன்றுதானே!

"ஜிம்முக்குப் போய்க்கொண்டிருந்தவரே நாற்பத்திரண்டில் விழுந்தாரே" என்பது அடுத்த வாதம். உடற்பயிற்சி வீண் என்பதற்கு அது சாட்சியாகாது. எடை தூக்குவதால் ஏற்பி சரியாகாது. லிப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்புத்துகளின் அளவும் குறையாது. அதைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிக்கிறது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது அதிகம். உணவுக்கும் நடைக்கும் அது அசையாது. ஆனால் வாழ்நாளில் ஒருமுறை ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும். தெரிந்தவர் ரத்த அழுத்தத்திலும் புகையிலையிலும் எல்.டி.எல்-லிலும் மற்றவரைவிடக் கறாராக இருந்தாக வேண்டும்.

மற்றவை சில்லறை நம்பிக்கைகள். அப்பாவை உரித்து வைத்தாற்போல் இருப்பவனுக்குத்தான் அப்பா நோய் வரும் என்பது வெறும் கதை. முகஜாடை தரும் மரபணுக்கள் வேறு, கொழுப்பை ஆளும் மரபணுக்கள் வேறு. ஒல்லியானவருக்கும் எல்.டி.எல் ஏறும். பெண்களுக்கு வராது என்பது பொய், தாமதமாக வரும் என்பதே உண்மை. ஓ பிரிவு ரத்தக்காரருக்கு அபாயம் லேசாகக் குறைவு. அதை நம்பி நெஞ்சுவலியைத் தள்ளிப்போடும் அளவுக்கு அல்ல. எச்சில் கொடுத்தால் மரபணு மதிப்பெண் தருகிறோம் என்று விற்கிறார்களே, அந்தக் கணக்குகளில் பெரும்பாலானவை ஐரோப்பியரின் தரவில் போட்டவை, நமக்கு அவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது. அந்தப் பணத்துக்கு லிப்பிட் பரிசோதனையைப் பலமுறை செய்துகொள்ளலாம்.

பரம்பரை என்று தெரிந்தபின் செய்யவேண்டியது சொந்தங்களைத் தேடிப் போவது. நாற்பத்தைந்து வயதில் ஸ்டென்ட் வைத்து வீடு திரும்புகிறவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைப் பட்டியல் இருக்கும், மறுபடி வரவேண்டிய தேதி இருக்கும். உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கொலஸ்ட்ரால் பாருங்கள் என்ற ஒரு வரி ஏன் கட்டாயமாக இல்லை? நெதர்லாந்து 1994-லேயே அந்த ஏற்பி மரபணுப் பழுதைக் குடும்பம் குடும்பமாகத் தேடத் தொடங்கிவிட்டது. மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டிக்கொள்ளும் தமிழ்நாட்டில் இது இன்னும் அவசரம். பழுதான பிரதியை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வாங்கிய குழந்தைக்கு இருபது வயதுக்கு முன்பே மாரடைப்பு வரலாம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் கையிலுள்ள படிவத்தில் இன்னொரு கேள்வி சேரட்டும்: இந்த வீட்டில் 55 வயதுக்குள் ஆணுக்கோ 65 வயதுக்குள் பெண்ணுக்கோ மாரடைப்பு வந்ததா? ஆம் என்றால், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதித் தரவேண்டும்.