மீசை வரைந்தது யார்?

எங்கள் வீட்டுக் கொலுவில் நான்கு வருடம் பாரதியாராக நின்றவர் உண்மையில் விவேகானந்தர். அவரைப் பாரதியாக்கியது நானில்லை. ஆனால் நம்பி, பெயரெழுதி, முன்படியில் வைத்தது நான்தான்.

ஆலங்குடி வீட்டை ஒழித்துக்கொண்டு மகனோடு போனபோது, பரணில் இருந்த இரண்டு தகரப் பெட்டிகளை அத்தை என் தலையில் கட்டினார். சாமி பொம்மைகளை உறவுக்காரர்கள் முன்பே பங்கு போட்டுவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது ‘ஆளு பொம்மை’: தலைவர்கள், ராஜாக்கள், சிப்பாய்கள் என்று முப்பத்தொன்று. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, “இது யாரு அத்தை?” என்றேன். “யாரு கண்டா? எங்க மாமியா வச்சாக, நானும் வச்சேன். கேக்கவா செஞ்சேன்?” என்றார்.

சாமி பொம்மையில் இந்தச் சங்கடம் இல்லை. வேல் இருந்தால் முருகன், வீணை இருந்தால் சரஸ்வதி. மனிதர்களுக்கும் இப்படி ஓர் அடையாள இலக்கணம் உண்டு என்பது எனக்குப் பிடிபடப் பல வருடம் ஆனது. நேதாஜிக்கு ராணுவத் தொப்பியும் முழங்கால் வரை பூட்ஸும். காமராஜருக்கு முழங்காலைத் தொடும் சட்டை. ராஜாஜிக்குக் கறுப்புக் கண்ணாடி. திலகருக்கு அந்தப் புனே தலைப்பாகை. அம்பேத்கருக்குக் கோட்டும் கையில் புத்தகமும். முகத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்ற நினைப்பை மட்டும் முதலில் விட்டுவிட வேண்டும். ஒரு சாண் பொம்மையில் முகம் என்பது இரண்டு புள்ளி, ஒரு கோடு.

கையைப் பாருங்கள். மூடிய கைக்குள் துளை இருந்தால், அவர் எதையோ பிடித்திருந்தவர், பிடித்திருந்தது தொலைந்துபோனது என்று அர்த்தம். கைத்தடி, வாள், கொடி, எழுத்தாணி எல்லாம் தனியாகச் செய்து செருகுகிற சாமான்கள். முதலில் காணாமல் போவதும் அவைதான். துளை செங்குத்தாக இருந்தால் தடியோ கொடியோ. சாய்ந்து, சின்னதாக இருந்தால் எழுத்தாணியாக இருக்கலாம். எங்கள் பெட்டியில் தடியில்லாத காந்தி ஒருவரைப் பல வருடம் ஏதோ சாமியார் என்றே வைத்திருந்திருக்கிறார்கள். இடுப்பில் கடிகாரம் புடைத்துக்கொண்டிருப்பதை யாரும் கவனிக்கவில்லை.

பாரதியார் விவகாரத்துக்கு வருகிறேன். தலைப்பாகை, மீசை, கறுப்புக் கோட்டு, வெள்ளை வேட்டி. சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஐந்தாம் வருடம் சுண்டல் வாங்க வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: “தம்பி, பாரதி எப்பப்பா இப்படிக் கையக் கட்டிக்கிட்டு நின்னாரு?”

அன்று இரவு பொம்மையைப் படியிலிருந்து இறக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் பெயின்ட் தெரியும். பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தில்தான் மண் தெரியும். மீசை இருந்த இடத்தை விரலால் தடவினேன். மேடே இல்லை. அச்சில் வந்த மீசையாக இருந்தால் விரலில் தட்டியிருக்கும். கோட்டுக்கும் வேட்டிக்கும் நடுவே ஒரு விளிம்பு இருக்க வேண்டுமல்லவா? அதுவும் இல்லை. தோளிலிருந்து கணுக்கால் வரை ஒரே அங்கி, இடுப்பில் கச்சை. கறுப்பும் வெள்ளையும் சந்திக்கிற கோடு தூரிகை போட்ட கோடு. கட்டிய கையின் இடுக்கில், தூரிகை நுழையாத இடத்தில், காவி நிறம் பதுங்கியிருந்தது. 1893இல் சிகாகோவில் எடுத்த படத்தில் விவேகானந்தர் நிற்கும் அதே நிலை.

குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் பெரிய குதிரையை எங்கள் பக்கம் தெரியாதவர் கிடையாது. புரவியெடுப்புக்கு மண்குதிரை செய்யும் வேளார் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அப்படி ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சிரித்தார். “வர்ணத்த நம்பாதீக. உரிஞ்சா வீட்டுப் புள்ளைக யாராச்சும் பூசிடும். அச்ச நம்புங்க” என்றார். பொம்மையைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்க்கவும், நகத்தால் சுண்டிப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார். சுட்ட மண் ‘ணங்’ என்னும். காகிதக் கூழ் சத்தமே போடாது, கனமும் இருக்காது, எலி கடித்த இடத்தில் தாள் அடுக்கு தெரியும். சில்லு பெயர்ந்த இடம் சிவப்பாக இருந்தால் மண், சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் பிளாஸ்டர்.

இதெல்லாம் தெரிவதற்கு முன்னால் ஒரு ராஜாவை ஈரத்துணியால் துடைத்தேன். துணியோடு ராஜாவின் நகைகளெல்லாம் வந்துவிட்டன. அடியில் இருந்த மண்ணும் சரியாகச் சுடாத மண், குழைய ஆரம்பித்தது. அவர் யாரென்று இனி யாராலும் சொல்ல முடியாது. காய்ந்த மென்மையான தூரிகை போதும், தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

எந்தக் காலத்துப் பொம்மை என்பதற்கு, சுற்றியிருந்த செய்தித்தாளைப் பெரிதாக நம்பினேன். ஒரு தாளில் 1962 சீனப் போர்ச் செய்தி இருந்தது. ஆனால் தாள் சொல்வது கடைசியாகச் சுற்றி வைத்த வருடத்தை, அதுவும் அன்றைய பேப்பர்தானா என்பதும் நிச்சயமில்லை. உருவமே சில சமயம் நல்ல சாட்சி. இன்று நாம் பார்க்கும் திருவள்ளுவர் வேணுகோபால் சர்மா வரைந்தவர். 1960இல் தபால்தலையில் வந்து ஊரெங்கும் பரவினார். தாடி, எழுத்தாணி, சுவடி, உட்கார்ந்த தோரணை எல்லாம் அச்சு அசல் அந்தப் படம்போல இருந்தால், பொம்மை அதற்குப் பிந்தியது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கட்டபொம்மனும் அப்படித்தான். 1959இல் படம் வந்தபின் அவருக்குச் சிவாஜி கணேசனின் மீசையும் மிடுக்கும் ஒட்டிக்கொண்டன. எங்கள் பெட்டியில் இருப்பவர் சந்தேகமில்லாமல் சிவாஜிதான். நிஜக் கட்டபொம்மனோ திருக்களம்பூர்ப் பக்கம் பிடிபட்டு, புதுக்கோட்டைத் தொண்டைமானால் வெள்ளைக்காரனிடம் ஒப்படைக்கப்பட்டு, 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கில் தொங்கியவர். அவரைப் புதுக்கோட்டைச் சீமையிலுள்ள எங்கள் ஊர்க் கொலுவில் எந்தப் படியில் வைப்பது என்று எனக்கு வருடா வருடம் ஒரு கூச்சம்.

ஒரே ஒரு உலோகச் சிப்பாயும் கிடைத்தான். தலைப்பாகை, சிவப்புச் சட்டை, தோளில் துப்பாக்கி. காந்தம் ஒட்டவில்லை, சுண்டுவிரல் உயரத்துக்கு மீறிய கனம். ஈயக் கலவை. இங்கிலாந்தில் பிரிட்டன்ஸ் நிறுவனம் உள்ளே கூடாக இருக்கும் ஈயச் சிப்பாய்களை 1893இல் வார்க்கத் தொடங்கி 1966 வரை விற்றது. 54 மில்லிமீட்டர் உயரம்தான் வழக்கம். கூடாக வார்த்த பொம்மைகளில் காற்றுப் போக ஒரு சிறு துளை இருக்கும், அடியிலோ குதிரையின் வயிற்றிலோ நிறுவனப் பெயரும் இருக்கலாம். என்னுடையவனுக்குத் துளையும் இல்லை, பெயரும் இல்லை. முழு ஈயம். அதனால் அவனை நான் பிரிட்டன்ஸ் என்று யாரிடமும் சொல்வதில்லை. தொட்டால் கை கழுவுகிறேன். பிள்ளைகள் கைக்கு எட்டாத மேல்படிதான் அவனுக்கு.

இப்போது ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். உயரம், எதனால் செய்தது, கை நிலை, துளை, அடிப்பாகம் எல்லாம் பேனாவில். பெயர் மட்டும் பென்சிலில். விவேகானந்தரின் மீசையை நான் அழிக்கவில்லை. அத்தை மாமியார் வீட்டில் எந்தப் பிள்ளை ஆசையாக வரைந்ததோ. சீட்டில் ‘மீசை பின்னால் வந்தது’ என்று எழுதி வைத்தேன்.

போன நவராத்திரிக்கு அத்தை வந்திருந்தார். சோலாத் தொப்பி வைத்த ஆசாமியின் சீட்டில் பென்சில் எழுத்தே இல்லாததைப் பார்த்து, “இன்னும் இவன் யாருன்னு தெரியலையா?” என்றார். பதினான்கு சென்டிமீட்டர், சுட்ட மண், வலக்கையில் துளை. அத்தை சீட்டை மடித்துத் தொப்பிக்காரரின் காலடியில் செருகிவிட்டு, சுண்டல் தாளிக்க உள்ளே போனார்.