கைக்குழந்தையும் கைப்பேசியும்

சென்னை விமான நிலையத்திற்கு அண்மையில், அடையாற்றை ஒட்டி அமைந்துள்ள ஊர் பொழிச்சலூர். அங்குள்ள அகத்தீசுவரர் கோயிலின் சிறப்பால் அவ்வூரை ‘வட திருநள்ளாறு’ என்றும் மக்கள் வழங்குவர். 2021ஆம் ஆண்டில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் முதலிய அண்டை நகராட்சிகள் ஒன்றிணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, பொழிச்சலூர் அதில் சேராது ஊராட்சியாகவே நின்றது. பெயரளவில் அது கிராமம்; வாழ்க்கை முறையிலோ நகரத்தின் விளிம்பு.

இத்தகைய ஊர்களில், பிழைப்பை நாடி வந்து வாடகை வீடுகளில் குடியேறிய இளங்குடும்பங்கள் பல. தந்தை விடியற்காலையிலேயே வேலைக்குப் புறப்படுகிறார். பாட்டியோ அத்தையோ உடனில்லை. சமைப்பதும், துவைப்பதும், தண்ணீர் பிடிப்பதும், குழந்தையைக் காப்பதும் தாய் ஒருத்தியின் பொறுப்பாகின்றன. குழந்தை சோறுண்ண மறுத்து அழுகிறது. கைப்பேசியை எடுத்து, வண்ணப் பாடற்காட்சி ஒன்றை ஓடவிட்டால் அழுகை அடங்குகிறது, வாயும் திறக்கிறது. “பாட்டைப் பார்த்து நாலு வார்த்தையாவது கற்றுக்கொள்ளட்டுமே” என்று தாயின் மனம் ஆறுதல் அடைகிறது. இந்த ஆறுதல் எந்த அளவிற்கு உண்மையானது? குழந்தை வளர்ப்பில் அக்கறை கொண்ட தாய்மார்களும், அங்கன்வாடிப் பணியாளர்களும், ஊராட்சி உறுப்பினர்களும் இதனைச் சற்று ஆராய்ந்து பார்த்தல் நலம்.

கல்விக் காணொளிகள் வந்த வரலாறு

கைக்குழந்தைகளுக்கென்றே படங்கள் தயாரித்து விற்கும் வழக்கம் மிகப் பழமையானதன்று. 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘பேபி ஐன்ஸ்டைன்’ என்ற நிறுவனத்தை ஒரு தாய் தொடங்கினார். பொம்மைகளும் இசையும் நிறைந்த அதன் படங்கள் பெரும் வரவேற்பைப் பெற்றன. 2001இல் டிஸ்னி நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. குழந்தையின் அறிவு இவற்றால் வளரும் என்று பெற்றோர் நம்பினர். அந்நம்பிக்கைக்குப் போதிய சான்று இல்லை என்ற எதிர்ப்பு வலுத்தது. இறுதியில், 2009ஆம் ஆண்டில், படங்களை வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர அந்நிறுவனம் முன்வந்தது.

இத்துறையில் நம் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. ‘சூச்சூ டிவி’ என்னும் குழந்தைப் பாடற்காட்சி நிறுவனம் 2013ஆம் ஆண்டில் இங்கேதான் தொடங்கப்பெற்றது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான வினோத் சந்தர், தம் சிறு மகளை மகிழ்விப்பதற்காக முதற்காட்சியைத் தயாரித்தார். இன்று அதன் படங்கள் உலகெங்கும் ஆயிரம் கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டுள்ளன. தமிழிலும் அவை வெளிவருகின்றன. பேச்சு வந்து, கதை புரியத் தொடங்கிய பிள்ளைகள் இத்தகைய படங்களைச் சிறிது நேரம் கண்டு மகிழ்வதில் குறை காண்பதற்கில்லை. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு அவை ஆசிரியராக அமையுமா என்பதே நம் வினா.

ஆராய்ச்சிகள் கூறுவன

2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரீசியா கூல் என்ற அறிஞரும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுள் ஒரு பிரிவினருடன் சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து, பன்னிரண்டு அமர்வுகளில் கதை படித்து விளையாடினர். மற்றொரு பிரிவினருக்கு அதே பேச்சு படமாகக் காட்டப்பட்டது. நேரில் பழகிய குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளை நன்கு வேறுபடுத்தி உணர்ந்தன. படத்தில் கண்ட குழந்தைகளோ அம்மொழியைக் கேளாத குழந்தைகளைப் போலவே இருந்தன. பேசியவர்களும் பேச்சும் ஒன்றே. எனினும் பயன் ஒன்றாகவில்லை.

2010இல் ஜூடி டிலோச் என்பாரின் குழு மற்றொரு சோதனையை வெளியிட்டது. ஒன்று முதல் ஒன்றரை வயது வரையுள்ள குழந்தைகளுக்குச் சொற்களைக் கற்பிக்கும் படம் ஒன்று நான்கு வாரம் காட்டப்பட்டது. படம் பார்த்த குழந்தைகள், பாராத குழந்தைகளைவிட மிகுதியாகக் கற்கவில்லை. படமே இன்றி, அச்சொற்களை அன்றாட வாழ்வினூடே பெற்றோரிடம் கேட்ட குழந்தைகளே முதலிடம் பெற்றன.

2007இல் வெளியான ஓர் ஆய்வையும் இங்குக் குறிப்பிடலாம். எட்டு முதல் பதினாறு மாதக் குழந்தைகளிடையே, நாள்தோறும் ஒரு மணி நேரம் குழந்தைப் படம் பார்ப்பதற்கும், ஆறு முதல் எட்டுச் சொற்கள் குறைவாக அறிந்திருப்பதற்கும் தொடர்பு காணப்பட்டது. இது தொடர்பே அன்றி, படமே காரணம் என்பதற்கு முடிந்த முடிபு அன்று. ஆகவே, படம் காட்டிவிட்ட தாய்மார்கள் கலங்க வேண்டுவதில்லை.

குழந்தை எவ்வாறு கற்கிறது?

இதற்கு விடை காண நாம் வேற்று நாடு செல்ல வேண்டியதில்லை. பொழிச்சலூர்ப் பகுதியில் விமானங்கள் தாழப் பறந்து செல்வது அன்றாட நிகழ்ச்சி. பத்து மாதக் குழந்தை ஒன்று இரைச்சலைக் கேட்டு மேலே நோக்குகிறது, விரலை நீட்டுகிறது, உடனே தாயின் முகத்தைப் பார்க்கிறது. “ஆமாம் கண்ணே, விமானம்! எவ்வளவு பெரிசு, பார்!” என்கிறாள் தாய். குழந்தை “பூ” என்கிறது. “ஆமாம், போயே போச்சு!” என்று அவள் கை விரித்துச் சிரிக்கிறாள். குழந்தையும் கை விரிக்கிறது.

அரை நிமிடத்தில் முடிந்துவிட்ட இந்நிகழ்ச்சியில் ஒரு முழுப் பாடம் அடங்கியிருக்கிறது. முதலாவது, எதைக் கற்பது என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுத்தது. இரண்டாவது, அது நோக்கிய பொருளுக்குரிய சொல் அந்த நொடியிலேயே கிடைத்தது. மூன்றாவது, அது எழுப்பிய மழலைக்கு மறுமொழி வந்தது. ‘நான் ஒலித்தால் ஒருவர் விடை தருவார்’ என்ற அறிவே பேச்சின் அடித்தளம். திரையில் ஆடும் பொம்மையோ, குழந்தை பார்த்தாலும் பாராவிட்டாலும் தன் பாட்டைப் பாடிக்கொண்டே போகும். குழந்தை சுட்டுவதை அது காணாது, மழலையைக் கேளாது.

மேலும், தட்டையான திரையில் தோன்றும் பந்தும் கையில் உருளும் பந்தும் ஒன்றே என்று அறிவது சிறு குழந்தைக்கு எளிதன்று. தொட்டும், வாயில் வைத்தும், தரையில் தட்டியும் அது பொருளை அறிகிறது. திரையின் முன் கழியும் நேரம், இத்தகைய விளையாட்டிலிருந்தும், உரையாடலிலிருந்தும், உறக்கத்திலிருந்தும் பறிக்கப்பட்ட நேரமாகும்.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தைமையைப் பத்துப் பருவங்களாக வகுக்கின்றன. தாலாட்டுதல், கைகொட்டச் செய்யும் சப்பாணி, முத்தம் தர வேண்டுதல், தளர்நடையிட்டு வருமாறு அழைத்தல், விளையாட வருமாறு நிலவை அழைக்கும் அம்புலி ஆகியவை அவற்றுட் சில. இவற்றுள் எதுவும் குழந்தை வாளாவிருந்து பார்க்கும் காட்சியன்று. ஒருவர் அழைக்க, மற்றவர் மறுவினை புரியும் உறவாடலே அவற்றின் இயல்பு.

கைப்பேசி முற்றும் தீயதோ?

அன்று. வெளியூரில் உள்ள தாத்தா, திரையில் முகங்காட்டிப் பேரனைப் பெயர் சொல்லி அழைத்து, அவன் சிரித்தால் தாமும் சிரிக்கிறார். அவன் காட்டும் பொம்மையைக் கண்டு வியக்கிறார். கருவி அதுவே, எனினும் அங்கே மறுமொழி தரும் மனிதர் ஒருவர் இருக்கிறார். இரண்டு வயதைக் கடந்த குழந்தைகள், இவ்வாறு நேரடியாக உரையாடுபவரிடமிருந்து புதிய சொற்களைக் கற்றதையும், பதிவு செய்த படத்திலிருந்து கற்காததையும் 2014இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் 2016ஆம் ஆண்டில், ஒன்றரை வயதுக்குட்பட்டோருக்குத் திரை வேண்டா என்று கூறியபோது, உறவினருடன் முகம் பார்த்துப் பேசுவதற்கு மட்டும் விலக்களித்தது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை தெளிவானது. இரண்டு வயது நிரம்பும் வரை திரை பரிந்துரைக்கப்படவில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது. அதனினும் குறைவது நன்று. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் நெறியும் இதனை ஒட்டியதே.

வீட்டில் செய்யத்தக்கவை

‘கைப்பேசியைக் கொடுக்காதீர்கள்’ என்று சொல்வது எளிது. தனித்து நிற்கும் தாய் வேறென்ன செய்வாள் என்பதையும் கூறுதல் கடமை. புதிதாக நேரம் தேடாமல், செய்யும் வேலையினூடே செய்யக்கூடியவை சில உள்ளன.

1. காய் நறுக்கும்போது குழந்தையை அருகில் அமர்த்தி, முழுக் கத்தரிக்காய் ஒன்றை அதன் கையில் கொடுத்துப் பெயர் சொல்லுக. குளிப்பாட்டும்போது உறுப்புகளின் பெயர்களைச் சொல்லுக.

2. குழந்தை ஒலித்தபின் சற்று நிறுத்தி, அது மீண்டும் ஒலிக்க இடம் கொடுக்க. தாய் பேசுவது எவ்வளவு இன்றியமையாததோ, காத்திருப்பதும் அவ்வளவே.

3. கிண்ணம், கரண்டி, துணிப்பந்து போன்றவை போதுமான விளையாட்டுப் பொருள்கள். வாயிற் போட்டு விழுங்கத்தக்க சிறு பொருள்களை விலக்குக.

4. உணவூட்டும்போது திரை வேண்டா. படத்தில் மயங்கிய குழந்தை, பசியையும் வயிறு நிறைந்ததையும் உணராமல் உண்கிறது.

5. தந்தை வீடு திரும்பியபின் அரை மணி நேரம் குழந்தையுடன் விளையாடுதல் தாய்க்குச் செய்யும் உதவி மட்டுமன்று. குழந்தைக்குச் செய்யும் கல்விப்பணியுமாகும். அந்நேரம் அவர் தம் கைப்பேசியையும் ஒதுக்கி வைத்தல் வேண்டும்.

ஓராண்டு நிரம்பியும் மழலை எழாவிடினும், பதினாறு மாதமாகியும் ஒரு சொல்லும் வாராவிடினும், இரண்டு வயதிலும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாவிடினும், ‘தானே வரும்’ என்று காலம் தாழ்த்தாமல் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். செவித்திறனையும் சோதித்தறிதல் இன்றியமையாதது.

ஊராட்சியும் அங்கன்வாடியும்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றது. இன்று நம் மாநிலத்தில் அங்கன்வாடிகள் பல்லாயிரம். மையத்திற்கு வரும் பிள்ளைகளைப் போலவே, இன்னும் வாராத கைக்குழந்தையும் அதன் தாயும் இத்திட்டத்தின் பொறுப்பில் உள்ளவர்களே என்பதை மறக்கலாகாது.

வீடு தேடிச் செல்வதன் பயனுக்கு ஜமைக்கா நாடு சான்று. 1980களில் அதன் தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைப் பகுதிகளில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒரு பிரிவினரின் வீடுகளுக்குச் சுகாதார உதவியாளர்கள் இரண்டாண்டுக் காலம் வாரந்தோறும் சென்றனர்; வீட்டுப் பொருள்களால் செய்த பொம்மைகளைக் கொண்டு, குழந்தையுடன் பேசி விளையாடும் முறையைத் தாய்க்குக் காட்டினர். இருபது ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, அப்பயிற்சி பெற்றவர்களின் வருவாய் பெறாதவர்களைவிட 25 விழுக்காடு மிகுந்திருந்தது. இம்முடிவு 2014இல் வெளியாயிற்று. அவ்வீடுகளுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் செல்லவில்லை. பொறுமையுள்ள ஒரு பெண் சென்றாள்.

இதனைப் பொழிச்சலூர் போன்ற ஊர்களிலும் நாம் செய்ய இயலும். கைக்குழந்தை உள்ள வீடுகளை அறிந்து, தெருவிலுள்ள தாய்மார் வாரம் ஒரு மாலை கூடுவதற்கு ஊராட்சி ஓரிடம் ஒதுக்கலாம். பாட்டி இல்லாத வீட்டுக் குழந்தைக்கு அண்டை வீட்டுப் பாட்டி கதை சொல்லலாம். மகளிர் குழுக் கூட்டங்களில் இப்பொருள் பற்றிப் பேசலாம்.

கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் தெருவில் பகல் முழுதும் குழந்தையுடன் தனித்திருக்கும் தாய்மார் எத்தனை பேர்?

2. அவர்களுக்கு ஒரு மணி நேர ஓய்வளிக்க நம்மில் எவர் முன்வரக்கூடும்?

3. நம் குழந்தை இன்று எதைச் சுட்டிக்காட்டியது? நாம் என்ன விடை கூறினோம்?

மூன்றாம் வினாவுக்கு ஒவ்வொரு நாளும் விடை சொல்லக்கூடிய வீட்டில், குழந்தையின் கல்வி தொடங்கிவிட்டது என்பதில் ஐயமில்லை.