தீபாவளிக்கு நாயை விட்டுச்செல்பவர்கள் புரட்டாசியிலேயே செய்ய வேண்டியவை

தீபாவளிக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட்டை 60 நாளுக்கு முன்பே எடுத்துவிடுகிறோம். வீட்டு நாயை எங்கே விடுவது என்ற யோசனை மட்டும் பண்டிகைக்கு முந்தின வாரம்தான் வருகிறது. அதற்குள் நல்ல போர்டிங் இடங்கள் நிரம்பிவிடும். இடம் இருக்கிறது என்று சொல்பவர் பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "ஊசியெல்லாம் போட்டாச்சா சார்?" ஆச்சு என்றதும் பேச்சு கட்டணத்துக்குப் போய்விடும். முன்பின் தெரியாத பல நாய்களுக்கு நடுவே நம் வீட்டு உயிரை விட்டுவர இந்த ஒரு கேள்வி போதாது. கால்நடை மருத்துவமனையில் நடக்கும் அளவுக்கான உடல் சோதனை போர்டிங் வாசலிலேயே நடக்க வேண்டும். அப்படி நடக்கும் இடத்தைத் தேடவும், அந்தச் சோதனையில் உங்கள் நாய் தேறவும் சில வாரங்கள் வேண்டும். புரட்டாசி பிறந்துவிட்டது, வேலையை இந்த வாரமே தொடங்குங்கள்.

இந்தப் பருவத்தில் அவசரம் கூடுதல். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. தீபாவளியும் அதை ஒட்டியே வருகிறது. மழைநீர் தேங்கும் இடமெல்லாம் எலிச் சிறுநீர் கலந்து எலிக்காய்ச்சல் கிருமி பரவும். நாய்க்கு வரும் எலிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும். வெயில் குறைந்து ஈரம் ஏறும்போது உண்ணிகளும் பெருகுகின்றன. போர்டிங்கில் கூட்டம் அதிகமாகச் சேரும் நாட்களும் இவைதான். வெடிச் சத்தத்தால் சாப்பிடாமல், தூங்காமல் மிரண்டு கிடக்கும் நாய்க்கு எதிர்ப்புச் சக்தி குறையும். கூட்டம், ஈரம், பயம் மூன்றும் ஒரே வாரத்தில் சேர்ந்து வருகின்றன.

முதலில் தடுப்பூசி அட்டையை எடுத்துத் தேதிகளைப் பாருங்கள். ஊசி போட்ட மறுநாளே காப்பு வந்துவிடாது. முதல்முறை ரேபிஸ் ஊசி போட்ட நாய்க்குப் போதிய எதிர்ப்பு உருவாக மூன்று, நான்கு வாரம் ஆகும். எலிக்காய்ச்சலுக்கு முதல்முறை என்றால் இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் வேண்டும். பிறகு ஆண்டுதோறும் ஒன்று. விட்டுப்போய் நாளாகியிருந்தால் மறுபடி இரண்டும் போட வேண்டியிருக்கலாம், டாக்டர் சொல்வார். இந்த ஊசி எலிக்காய்ச்சலின் எல்லா வகைக் கிருமியையும் தடுக்காது. இருந்தாலும் மழைக்காலத்தில் இதைத் தவிர்க்கக் கூடாது. பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு வைரஸ் நோய்களையும் தடுக்கும் கூட்டு ஊசியைக் கிளினிக்கில் செவன்-இன்-ஒன், நைன்-இன்-ஒன் என்று சொல்வார்கள். கென்னல் காஃப் எனப்படும் தொற்று இருமலுக்கு மூக்கில் விடும் மருந்து தனியாக உண்டு. கூட்டு ஊசி போட்டதாலேயே அதுவும் போட்டாயிற்று என்று எண்ண வேண்டாம். போர்டிங்குக்குப் போகும் நாய்க்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பாவது அதைக் கொடுத்துவிடுவது நல்லது.

குட்டி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அதனால்தான் குட்டிகளுக்கான கடைசி டோஸை 16 வாரம் நிறைந்த பிறகு போடச் சொல்கிறது உலகச் சிறுபிராணிக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி. அந்தக் கடைசி டோஸ் போட்டு இரண்டு வாரமாவது ஆகாத குட்டியைப் போர்டிங்கில் விடாதீர்கள். "குட்டிதானே, பரவாயில்லை, கொண்டு வாங்க" என்று சொல்லும் இடத்துக்குப் பெரிய நாயையும் அனுப்பாதீர்கள்.

இனி வாசலில் நடக்க வேண்டிய சோதனை. நாய் உள்ளே போகுமுன், மற்ற நாய்கள் இல்லாத தனி இடத்தில், பயிற்சி பெற்ற ஒருவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். முதலில் எடை, வெளியே வரும்போது ஒப்பிட அது வேண்டும். பிறகு வெப்பம்: நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. பயணக் களைப்பிலும் பதற்றத்திலும் சற்றுக் கூடலாம். கொஞ்ச நேரம் அமைதியாக உட்காரவைத்து மறுபடி பார்த்தும் 103-க்கு மேலே நின்றால் அன்று சேர்க்கக் கூடாது. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்க வேண்டும். ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்த ஈறு உண்ணிக் காய்ச்சலையோ கொக்கிப் புழுவையோ காட்டிக்கொடுக்கும். கண்ணிலும் மூக்கிலும் கெட்டியான ஒழுக்கு இருக்கிறதா, தொண்டையை லேசாகத் தொட்டால் இருமல் வருகிறதா, தாடைக்குக் கீழும் முழங்காலுக்குப் பின்னும் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உண்ணி தேடும் வேலையை மட்டும் அவசரத்தில் செய்ய முடியாது. காதுமடலின் உட்புறம், கழுத்துப்பட்டைக்குக் கீழே, கால்விரல் இடுக்கு, வால் அடி, அக்குள் என ஒவ்வொரு இடத்தையும் முடி விலக்கிப் பார்க்க வேண்டும். நம் ஊர் நாய்களில் காணும் பழுப்பு உண்ணி தோட்டத்தில் மட்டும் வாழ்வதில்லை. கட்டடத்துக்குள்ளேயே, சுவர் விரிசலில் முட்டையிட்டுத் தலைமுறை தலைமுறையாகப் பெருகும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஒரு நாயோடு உள்ளே வந்த உண்ணி, அந்த நாய் வீடு திரும்பிய பிறகும் அந்தக் கென்னலில் மாதக்கணக்கில் இருக்கும். எர்லிக்கியா, பபீசியா போன்ற உண்ணிக் காய்ச்சல்கள் அந்த வழியாகத்தான் வருகின்றன. ஆகவே போவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே உண்ணி மருந்து கொடுத்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை கொடுக்கும் மாத்திரையும் உண்டு, 12 வாரம் நிற்கும் மாத்திரையும் உண்டு. வலிப்பு வந்திருக்கும் நாய் என்றால் இந்த மாத்திரைகளுக்கு முன் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டால் பூனை செத்துப்போகலாம். இரண்டும் வளரும் வீட்டில் மறக்கக் கூடாத விஷயம் இது.

ரத்த, மலப் பரிசோதனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது சில இடங்களில் "எல்லா டெஸ்ட்டும் எடுத்துத்தான் சேர்க்கிறோம்" என்று விளம்பரம் செய்கிறார்கள். டெஸ்ட் நல்லதுதான், அதன் எல்லையும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மலத்தில் பார்வோ கண்டறியும் கிட் சில நிமிடங்களில் முடிவு காட்டும். ஆனால் தொற்றிய முதல் நாட்களில் அது ஒன்றும் காட்டாமல் போகலாம். அண்மையில் ஊசி போட்ட நாயில் இல்லாத நோயையும் காட்டலாம். பார்வோ பொதுவாக மூன்று முதல் ஏழு நாளில் வெளிப்படும். கென்னல் காஃப் இரண்டு நாளிலும் வரலாம், பத்து நாள் கழித்தும் வரலாம். டிஸ்டெம்பர் ஓரிரு வாரம், சில நேரம் அதற்கும் மேல் எடுத்துக்கொள்ளும். வாசலில் "இல்லை" என்று வந்த ஒரு முடிவு அந்த நாளுக்கு மட்டுமே சாட்சி. ஆகவே டெஸ்ட்டைத் தேவை பார்த்துச் செய்வதே சரி. இளக்கமாகப் போகும் நாய்க்குப் பார்வோ கிட். முன்பு உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்குத் தட்டணு எண்ணிக்கையோடு முழு ரத்தப் பரிசோதனை. எல்லா நாய்க்கும் புழுவுக்கும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணிக்குமான மலப் பரிசோதனை. கடைசி இரண்டையும் உங்கள் டாக்டரிடமே இரண்டு வாரம் முன்பு எடுத்துவிட்டால் புழு இருந்தாலும் மருந்து கொடுக்க நேரம் இருக்கும்.

என்னைக் கேட்டால், வாசல் சோதனையைவிட முக்கியம் உள்ளே தினமும் நடக்கும் கவனிப்பு. காலையும் மாலையும் ஒவ்வொரு நாயும் எவ்வளவு சாப்பிட்டது, தண்ணீர் குடித்ததா, மலம் எப்படி, சிறுநீர் என்ன நிறம், இருமியதா, வாந்தி எடுத்ததா என்று எழுதிவைக்கிறார்களா? அந்த நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். சென்ற வாரப் பக்கங்கள் நிறைந்திருந்தால் அந்த இடத்தை நம்பலாம். அழகாக எடுத்த வீடியோவைத் தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்புவது வேறு. சிறுநீர் காப்பி நிறத்தில் போனதை அன்றே பார்த்து டாக்டரை அழைப்பது வேறு.

இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். சந்தேகமான நாயைத் தனியே வைக்க ஒரு அறை உண்டா, அதற்குத் தனித் துடைப்பம், தனிக் கிண்ணம், முடிந்தால் தனி ஆள் உண்டா என்று கேளுங்கள். தரையை எதைக்கொண்டு கழுவுகிறார்கள் என்பதை விடாமல் கேளுங்கள். பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஃபினாயில் ஊற்றி மணக்க மணக்கக் கழுவினாலும் அது சாகும் என்று நம்ப முடியாது. ஃபினால் கலந்தவை பூனைக்கு நஞ்சும்கூட. வைரஸைக் கொல்வது பிளீச். முதலில் மலம், மண், முடி எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி எடுத்துவிட்டு, 30 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு திரவ பிளீச் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய பிளீச் வேலை செய்யாது. இதைத் தயங்காமல் சொல்லக்கூடிய பணியாளர் இருக்கும் இடம் தரமான இடம்.

மழைக்காலம் என்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் தாழ்வான பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. தரைத்தளத்தில் மட்டும் கூண்டு வைத்திருக்கும் இடத்தில், வெள்ளம் வந்தால் நாய்களை எங்கே ஏற்றுவார்கள் என்று கேளுங்கள். இரவில் ஆள் தங்குவாரா, எந்த டாக்டரை அழைப்பார்கள், அவர் எவ்வளவு நேரத்தில் வருவார் என்பதையும் எழுதி வாங்குங்கள். உங்களைத் தொலைபேசியில் பிடிக்க முடியாவிட்டால் எவ்வளவு தொகை வரை சிகிச்சை செய்யலாம் என்று நீங்களும் எழுதிக் கொடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமத்தையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ரேபிஸ் ஊசிச் சான்று கேட்பார்கள், அதே சான்று போர்டிங்குக்கும் ஆகும். தனியார் கிளினிக் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பண்டிகை நெருங்கினால் அங்கே வரிசை நீளும், இப்போதே போய்விடுங்கள்.

பூனைக்குப் போர்டிங் பெரும்பாலும் வேண்டாம். இடம் மாறினால் பூனை உணவை நிறுத்திவிடலாம். இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, கல்லீரல் கெட்டுப்போகலாம். பக்கத்து வீட்டுக்காரரோ சொந்தக்காரரோ தினம் இரண்டு வேளை வீட்டுக்கு வந்து பார்ப்பதே மேல். வேறு வழியில்லை என்றால், நாய்களின் குரல் கேட்காத, பூனைகளுக்கு மட்டுமான அறை வேண்டும். இதய நோய், சிறுநீரக நோய் உள்ள கிழட்டு நாய்க்கும், பருவத்தில் இருக்கும் பெட்டைக்கும் வீட்டுக் கவனிப்புதான் பொருத்தம்.

வெடிக்கு மிரளும் நாய் என்றால் டாக்டரிடம் இப்போதே சொல்லுங்கள். அசையாமல் படுக்கவைக்கும் மயக்க மாத்திரைகள் சில உண்டு. உடல் சோர்ந்து கிடக்கும், பயம் மட்டும் உள்ளே அப்படியே இருக்கும். பயத்தைக் குறைக்கும் மருந்துகள் வேறு. அவற்றை முன்கூட்டி ஒருமுறை வீட்டில் கொடுத்து எப்படி ஒத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். போர்டிங்காரர் தம் கையிருப்பில் உள்ளதைக் கொடுக்க விடாதீர்கள். வழக்கமாகச் சாப்பிடும் உணவையே நாள் கணக்குப் போட்டுக் கட்டிக் கொடுங்கள். திடீரென்று மாறும் சாப்பாட்டால் வரும் வயிற்றுப்போக்கைத் தொற்று என்று நினைத்து எல்லோரும் பதற வேண்டியிருக்காது.

திரும்பி வந்த பிறகு மூன்று வாரம் கவனியுங்கள். உண்ணிக் காய்ச்சல் தெரிய மூன்று வாரம்கூட ஆகலாம். சோர்வு, இருமல், வாந்தி, மூக்கில் ரத்தம், மஞ்சள் கண் எது தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். நோய் உறுதியானால் போர்டிங்குக்கும் சொல்லுங்கள். அங்கே இன்னும் நாய்கள் இருக்கின்றன.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புறப்படும் நாளன்று நாய் இரண்டு முறை இளகிப் போயிருந்தால் அதை மறைக்காதீர்கள். டிக்கெட் வீணாகிவிடுமே என்று மருந்து கொடுத்து அடக்கி, நன்றாக இருக்கிறது என்று சொல்லி விட்டுப்போகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்துக் கூண்டில் பத்து வாரக் குட்டியையும் தவறாகச் சேர்த்திருந்தால் அது பிழைக்காமல் போகலாம். வாசலில் உங்கள் நாயை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறார்கள் என்றால் சண்டை போடாதீர்கள். அடுத்த முறையும் அந்த இடத்துக்கே போங்கள்.