தோட்டப் பாடசாலை ஆசிரியர் நியமனம்: விண்ணப்பத்திற்கு முன்

தோட்டத்துரை விரும்பியவரே வாத்தியார் என்ற காலம் ஒன்றிருந்தது. 1977 முதல் அரசு தோட்டப் பாடசாலைகளைக் கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்றது. இன்று நியமனத்தின் வாசல் வர்த்தமானி அறிவித்தலே.

தெல்தெனிய, றங்கலைப் பக்கத்து இளைஞர் யுவதிகள் உயர்தரம் சித்தியடைந்தும் கடதாசிகளால் பின்தங்குவதை நாம் காண்கிறோம். நேர்முகப் பரீட்சையில் மூலப் பத்திரங்களைக் கேட்பார்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ராமாயி, பாடசாலைப் பதிவில் ரமணி, அடையாள அட்டையில் தகப்பன் பெயர் வேறு எழுத்தில். யார் இந்தப் பிள்ளை? திருத்தத்திற்குப் பிரதேச செயலகம் செல்ல வேண்டும். அது மாதக்கணக்கில் இழுபடலாம். வர்த்தமானி தரும் தவணையோ சில வாரங்கள். ஆகவே பெறுபேறு வந்த கையோடு இந்த வேலையைத் தொடங்குங்கள். வாக்காளர் இடாப்பில் லயத்து முகவரியோடு பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். கிராம உத்தியோகத்தரின் சான்றிதழையும் பெற்று வையுங்கள்.

பதவிப் பெயரையும் சம்பளப் பந்தியையும் நிதானமாக வாசியுங்கள். 2014இல் தோட்டப் பாடசாலைகளுக்கு ஏறத்தாழ 3,000 பேரைக் கோரிய அறிவித்தல் ‘ஆசிரிய உதவியாளர்’ பதவிக்கானது. தொடக்கத்தில் மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பின்பே 10,000 ஆயிற்று. பயிற்சியை முடித்தால்தான் ஆசிரியர் சேவை. பெயரில் இருந்த ‘உதவி’ பலரை வருடக்கணக்கில் கடனாளியாக்கியது.

விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டையும் பிரதியையும் தகரப் பெட்டியில் வையுங்கள்; லயத்துக் கூரை ஒழுகும்.