கீரையில் உள்ளது எவ்வளவு? குழந்தைக்குச் சேர்வது எவ்வளவு?

தாய்மார்களே!

"தினமும் கீரை கொடுக்கிறேன். அப்படியும் பொழுது சாய்ந்தால் பிள்ளை தட்டுத் தடுமாறுறானே, ஏன்?" என்று கூட்டங்களில் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். காரணங்கள் பல இருக்கலாம். அவற்றில் ஒன்று நம் அடுப்படியிலேயே இருக்கிறது.

கீரையில் என்ன இருக்கிறது?

மாலைக்கண் வராமல் காப்பது வைட்டமின் ஏ. கீரையில் அது பீட்டா கரோட்டின் என்னும் மஞ்சள் நிறப்பொருளாக இருக்கிறது. இலையின் பச்சை அதை மூடிவிடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. இந்தச் சத்து தண்ணீரில் கரையாது; கொழுப்பில்தான் கரையும்.

எப்படி அளக்கிறார்கள்?

கீரையை எடை போட்டு, அதிக வெளிச்சம் படாமல் அரைப்பார்கள். வெளிச்சம் பட்டால் சத்து கெடும். தண்ணீர் விட்டால் மஞ்சள் இறங்காது. ஆகவே அசிட்டோன் போன்ற திரவத்தால் நிறத்தைப் பிரித்தெடுப்பார்கள். அந்தச் சாற்றைத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாய் வழியே விட்டால், பச்சை தூளில் தங்கும். மஞ்சள் தனியே இறங்கும். அதில் நீல ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி விழுங்கப்படுகிறது என்று பார்த்துக் கணக்கிடுவார்கள்.

குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடம் 1958ல் ஐதராபாத்துக்கு மாறி, பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. அது 1971ல் வெளியிட்ட நூலின் கணக்குப்படி, 100 கிராமில் உள்ள கரோட்டின் (மைக்ரோகிராமில்):

முருங்கைக்கீரை - 6780
அகத்திக்கீரை - 5400
முட்டைகோஸ் - 120
காலிபிளவர் - 30

2017ல் நவீன கருவிகளால் அளந்து புதிய அட்டவணை வந்தது. எண்கள் மாறின. ஆனால் கரும்பச்சை இலை உயர்ந்தும், வெளிறிய காய் தாழ்ந்தும் இருப்பது மாறவில்லை. ஆகவே கடைத்தெருவில் உங்கள் கண்ணே அளவுகோல்! முட்டைகோசின் பச்சையான மேல் இலையை வீசாதீர்கள். நன்றாகக் கழுவிச் சமையுங்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த முள்ளங்கியில் கிழங்கைவிட இலையில்தான் இந்தச் சத்து அதிகம்.

அளந்தது எல்லாம் உடம்பில் சேருமா?

சேராது. உணவிலுள்ள 6 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏக்குச் சமம் என்று முன்பு கணக்கிட்டார்கள். 2001ல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் அதை 12 என்று திருத்தியது. எண்ணெயே இல்லாமல் வேகவைத்துக் கொடுத்தால் சேர்வது இன்னும் குறையும்.

வீட்டிலேயே பாருங்கள். துருவிய காரட்டைக் கொஞ்சம் தண்ணீரிலும், கொஞ்சம் எண்ணெயிலும் வதக்குங்கள். எண்ணெய்தான் நன்றாகச் சிவந்து வரும். வயிற்றிலும் இதுதான் கதை.

நீங்கள் செய்ய வேண்டியது

1. கீரையை முதலில் கழுவி, பிறகு நறுக்குங்கள். மூடி வேகவையுங்கள்.
2. குழந்தையின் பங்கில் ஒரு டீஸ்பூன் எண்ணெயோ நெய்யோ சேர்த்து மசித்துக் கொடுங்கள். 6 மாதம் முடிந்ததும் தொடங்கலாம்.
3. முருங்கைக்கீரையைக் காயவைப்பதானால் நிழலில் காயவையுங்கள்.
4. பப்பாளி, மாம்பழம், பால், முட்டை ஆகியவற்றையும் முடிந்தபோது கொடுங்கள்.
5. 9 மாதத்தில் தொடங்கி 5 வயது வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரப்படும் வைட்டமின் ஏ திரவத்தைத் தவறவிடாதீர்கள்.

மாலையில் குழந்தை தடுமாறினாலோ, விழியின் வெள்ளைப் பகுதி வறண்டு நுரை போன்ற புள்ளி தெரிந்தாலோ, கீரையால் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். தாமதித்தால் பார்வையே போய்விடலாம். உடனே மருந்து கொடுத்தால் மாலைக்கண் குணமாகும்.

கைப்பிடி கீரை, ஒரு டீஸ்பூன் எண்ணெய். இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். பிள்ளையின் கண்ணைக் காப்பாற்றுங்கள்!