வாய் தடுமாறினால் கை பேசட்டும்

கேள்வி: டொக்டர், எனக்கு வயது 23. ஊர் இலங்கைத்துறை முகத்துவாரம். உயர்தரம் எழுதிய பிறகு வீட்டோடுதான் இருக்கிறேன். எனக்கு ஓட்டிசம் இருக்கிறது, அதோடு ஆட்களைக் கண்டால் வரும் பதற்றமும் இருக்கிறது என்று போன வருடம் சொன்னார்கள். அப்பாவுக்குக் கடற்றொழில். அவருடைய போட் என்ஜினைச் சின்ன வயதிலிருந்தே கழற்றிப் பூட்டி வருகிறேன். சத்தத்தைக் கேட்டாலே எங்கே பிழை என்று சொல்லுவேன். அயலில் உள்ளவர்களும் கொண்டுவந்து தருவார்கள். ஆனால் அவர்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போன பிறகுதான் நான் முற்றத்துக்கே வருவேன். திருகோணமலை டவுனில் இரண்டு இடங்களுக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் தொண்டை அடைத்துவிட்டது. "முகத்தைப் பார்த்துப் பேசு" என்றார்கள். வரும் வழியில் பஸ்ஸில் வாந்தி எடுத்தேன். இப்போது போன் அடித்தாலே கை நடுங்குகிறது. என் வயதுப் பெடியன்கள் பின்னேரத்தில் கரையில் கூடுவார்கள். போய் நின்றால் என்ன கதைப்பதென்று தெரியாது, திரும்பிவிடுவேன். எனக்கு ஒரு வேலை கிடைக்குமா? எனக்கென்று நாலு பேர் இருப்பார்களா?

பதில்: தம்பி, அயலவர்கள் தங்கள் என்ஜினை உங்களிடம் கொண்டுவந்து தருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பார்ப்போம். கடலுக்குப் போகிற எவரும் என்ஜினைக் கண்டவர் கையில் கொடுக்கமாட்டார். கரை தெரியாத தூரத்தில் அது நின்றுபோனால் உயிருக்கே மோசம். அப்படிப்பட்டவர்கள் உங்களைத் தேடி வருகிறார்கள் என்றால், உங்களுக்குத் தொழில் தெரியும் என்பதை ஊர் ஒப்புக்கொண்டுவிட்டது என்றுதான் அர்த்தம். டவுனில் உங்களைத் திருப்பி அனுப்பியவர்களுக்கு அது தெரிய வழியில்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

நேர்முகப் பரீட்சை பெரும்பாலும் கதைக்கும் திறமையைத்தான் அளக்கிறது. ஓட்டிசம் உள்ளவர்கள் அதிலேயே வடிகட்டப்படுகிறார்கள் என்பதை உணர்ந்து வேறு வழி தேடியவர்கள் உண்டு. டென்மார்க்கில் தோர்கில் சோன என்பவர், தன் மகனுக்கு ஓட்டிசம் இருப்பது தெரிந்த பிறகு, 2004இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். அங்கே வேலை தேடி வந்தவரைக் கேள்விகளால் துளைக்கவில்லை. லெகோ ரோபோவைக் கொடுத்து, கட்டி இயக்கச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். வேலை கேட்கும்போது வேலையைக் காட்டுங்கள்.

இன்றைக்கே ஒரு கொப்பி போடுங்கள். கையில் வரும் ஒவ்வொரு என்ஜினுக்கும் ஒரு பக்கம்: திகதி, எத்தனை குதிரைவலு, என்ன குறை, எதை மாற்றினீர்கள். கழற்றும்போது ஒரு படம், பூட்டிய பிறகு ஒரு படம். முகத்துவாரத்து மணல் கலந்த தண்ணீரை இழுத்து நீர்ப்பம்பின் இம்பெல்லர் தேய்ந்துபோன என்ஜின்கள் உங்களிடம் வரும். அந்தத் தேய்ந்த இதழையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்தால் போதும், என்ஜின் தெரிந்த எவருக்கும் உங்களைப் புரிந்துவிடும். பிறகு ஒரு கராஜ் முதலாளிக்கு வட்ஸ்அப்பில் இப்படி எழுதுங்கள்: "நான் போட் என்ஜின் திருத்துவேன். என் வேலையின் படங்கள் இவை. எனக்கு ஓட்டிசம் இருப்பதால் நேரில் கதைக்கக் கொஞ்சம் சிரமம். ஒரு பழுதான என்ஜின் தாருங்கள், திருத்திக் காட்டுகிறேன்." ஓட்டிசத்தைச் சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். சொன்னால், நீங்கள் முகம் பார்க்காததை முதலாளி மரியாதைக் குறைவு என்று எடுக்கமாட்டார்.

கையில் சான்றிதழ் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். வகுப்பறைக்குப் போகாமல் வேலை செய்தே தொழில் பழகியவர்களுக்கு 'முன்கற்றல் அங்கீகாரம்' என்ற வழி இருக்கிறது. நைற்றா (NAITA) என்ற அரச தொழிற்பயிற்சி நிறுவனத்தில் விண்ணப்பித்தால், மதிப்பீட்டாளர் உங்கள் வேலையைப் பார்த்துச் சோதிப்பார். தேறினால் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். அந்தக் கொப்பி அங்கேயும் கைகொடுக்கும்.

உங்கள் ஊருக்குரிய வெருகல் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்திக்க அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். சுயதொழில் உதவி பற்றிக் கேளுங்கள். மாற்றுத்திறனைக் காரணம் காட்டி வேலைக்குச் சேர்ப்பதில் பாகுபாடு செய்யக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அரச வேலை வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்ற சுற்றறிக்கை 1988இலேயே வந்துவிட்டது. கடதாசியில் இருக்கும் அளவுக்கு இது நடைமுறையில் இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். ஆனாலும் கேட்பது உங்கள் உரிமை. நாலு பேர் கேட்டால்தான் நடைமுறைக்கும் வரும்.

இனி அந்தப் பதற்றம். ஆளைக் கண்டு ஒதுங்கினால் அந்த நேரத்துக்கு நிம்மதியாக இருக்கும். 'ஒதுங்கியதால்தான் தப்பினேன்' என்று மனம் கணக்கு வைத்துக்கொள்ளும். அடுத்த முறை பயம் இன்னும் கூடும். இதை உடைக்கச் சின்னப் படிகள் வேண்டும். இந்தக் கிழமை யாராவது என்ஜின் கொண்டுவரும்போது அம்மாவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள், பேச வேண்டாம். அது பழகிய பிறகு, "எப்போதிருந்து இந்தச் சத்தம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அது உங்களுக்கு உண்மையாகவே தெரிய வேண்டிய விஷயம் என்பதால் வாயில் வருவது சுலபம். கேட்கும்போது என்ஜினைப் பாருங்கள், முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. பிறகு, "நாளை பின்னேரம் வாருங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள். ஒரு படி சாதாரணமாகத் தோன்றிய பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்கவும் வேண்டும். பயம் பழகப் பழகக் குறையும். ஆனால் ஹோர்ன் சத்தமும் பஸ் நெரிசலும் டீசல் மணமும் உங்களைத் தாக்குவது ஓட்டிசத்தின் புலன் கூர்மையால் இருக்கலாம். அதைப் பல்லைக் கடித்துப் பழகிக்கொள் என்று எவரும் சொன்னால் கேட்காதீர்கள். காதுக்கு அடைப்பான் போடுங்கள், கூட்டம் குறைந்த பஸ்ஸில் போங்கள், யன்னல் கரையில் இருங்கள். பதற்றத்துக்குத் திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் சிகிச்சை உண்டு. வாந்தி வரும் அளவுக்குப் போயிருப்பதால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். மனம் மிகவும் கனக்கும் நேரத்தில் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம். போன் எடுக்கக் கை நடுங்கினால் அம்மா அழைத்துத் தரட்டும்.

நாலு பேர் இருப்பார்களா என்று கேட்டீர்கள். கரையில் கூடும் கூட்டத்தில் கதைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு வேலை இல்லை. உங்களுக்கு மிகக் கடினமான இடத்தில் முதல் முயற்சி செய்திருக்கிறீர்கள். டேமியன் மில்ட்டன் என்ற பிரித்தானிய ஆய்வாளர், தாமே ஓட்டிசம் உள்ளவர். புரியாமை இரண்டு பக்கத்திலும் இருக்கிறது, மற்றவர்களுக்கும் ஓட்டிசம் உள்ளவரைப் புரிவதில்லை என்று 2012இல் எழுதினார். ஆகவே முழுக் குறையையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். சேர்ந்து ஒரு வேலை செய்யும் இடத்துக்குப் போங்கள். ஒரே ஆட்கள், ஒரே நேரம், ஒரே இடம் என்றால் உங்களுக்கு நல்லது. வள்ளம் தள்ளும் நேரத்தில் கை கொடுக்கலாம். வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோவில் திருவிழாவில் சனத்துக்குள் நிற்பதைவிட, ஜெனரேட்டரைப் பார்க்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கலாம்.

ஓட்டிசம் பற்றி 1943இல் லியோ கானர் எழுதிய கட்டுரையில் முதலாவதாக விவரிக்கப்பட்டவர் டொனால்ட் டிரிப்லெட். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிறிய ஊர்க்காரர். சிறு பிள்ளையாக ஒரு காப்பகத்தில் விடப்பட்டு, பிறகு பெற்றோரால் மீட்கப்பட்டவர். வளர்ந்து ஊர் வங்கியில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் விளையாடினார். 2023இல் 89 வயதில் காலமானார். அவருடைய குடும்பம் வசதியானது, வங்கியில் பங்கும் இருந்தது. வேலையை அந்த வசதி வாங்கிக்கொடுத்திருக்கலாம். ஆனால் 'இவர் எங்கள் ஆள், இவருடைய போக்கு இப்படித்தான்' என்று ஊர் ஏற்றுக்கொண்டதைக் காசு வாங்கித்தர முடியாது. அது தினமும் ஒரே முகங்களோடு பழகியதால் வந்தது. உங்களுக்கும் அப்படி ஒரு ஊர் இருக்கிறது, தம்பி.

கேள்வி: திருகோணமலையில் சின்னதாக ஒரு கராஜ் நடத்துகிறேன். ஓட்டிசம் உள்ள ஒரு பெடியன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். கை வேலை தங்கம். ஆனால் ஆட்கள் வந்தால் உள்ளே போய்விடுகிறான், தேத்தண்ணி நேரத்திலும் தனியே இருக்கிறான். எப்படி நடத்துவது?

பதில்: ஐயா, நீங்கள் கேட்டதே பெரிய விஷயம். "இதைக் கொஞ்சம் பார்" என்று சொன்னால் அவனுக்கு எதைப் பார்ப்பதென்று விளங்காது. "இந்த கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, 11 மணிக்குள் மேசையில் வை" என்று சொல்லுங்கள். வேலை மாறுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், முடிந்தால் பலகையில் எழுதிவையுங்கள். பிழை விட்டால் தனியே கூப்பிட்டு, எது பிழை என்று நேராகச் சொல்லுங்கள். குத்திக்காட்டிச் சொன்னால் விஷயம் அவனுக்குப் போய்ச் சேராது, காயம் மட்டும் மிஞ்சும்.

ஆட்களோடு கதைக்கிற வேலையை வேறொருவர் பார்க்கட்டும். தேத்தண்ணி நேரத்தில் தனியே இருப்பது அவனுக்கு ஓய்வு. இழுத்து வைத்துக் கதைக்கச் சொல்லாதீர்கள், ஆனால் அவனுக்கும் ஒரு கோப்பை எப்போதும் ஊற்றப்படட்டும். மற்றப் பெடியன்கள் நக்கலடித்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். நீங்கள் சிரித்தால் அவர்கள் தொடருவார்கள். கடைசியாக, சம்பளம். 'பாவம், ஒரு இடம் கொடுத்தேன்' என்று குறைத்துக் கொடுக்காதீர்கள். அதே வேலைக்கு மற்றவனுக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதையே, அதே நாளில், அவன் கையிலேயே கொடுங்கள்.